ஊர்கிற கோடு

என் பெண்டாட்டிக்குப் பயம் என்பதே கிடையாது. அந்த ஒரே தைரியத்தில்தான் நான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தி வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். மூட்டையில் எடை குறைந்தால் லாரிக்காரன் சட்டையைப் பிடித்துவிடுவேன். ஆனால் பாம்பு என்று யாராவது சொன்னால் போதும், இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வேன். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று பெரியவர்களே சொல்லியிருக்கும்போது ஒற்றை ஆள் ஜெயபாண்டி நடுங்கினால் என்ன குடிமுழுகிப் போகிறது?

என் பெண்டாட்டி தாமரைச்செல்வி பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறாள். அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. தெரியாத இங்கிலீஷ் வார்த்தை ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதைச் சும்மா விடமாட்டாள். அம்மிக்கல் கனத்தில் ஒரு அகராதி வைத்திருக்கிறாள். அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வார்த்தை பிரெஞ்சில் என்னவாக இருந்தது, அதற்கும் முன்னால் லத்தீனில் யார் பெற்ற பிள்ளை என்று கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படிப்பாள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் குலம் கோத்திரம் விசாரிப்பார்களே, அந்த மாதிரி. 'ஆனியன்' என்பதும் 'யூனியன்' என்பதும் லத்தீனில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அவள் சொன்னதை எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எடுத்துவிட்டு நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் வாடிப்பட்டிக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினோம். மனையின் மேற்கு மூலையில் ஒரு வேப்பமரம். அதனடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாம்புப் புற்று. மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் தெருப் பெண்கள் பாலும் முட்டையும் ஊற்றிவிட்டுப் போவார்கள். மதில் சுவர் நேராக அதன் மேலேதான் போகவேண்டும். கொத்தனார் மலையாண்டி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் கை வைக்க மாட்டேண்ணே. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

நானும் அவர் கட்சிதான். சுவரை வளைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றேன். தாமரை கேட்கவில்லை.

"கரையான் கட்டுன மண்ணு. அதுக்குப் போய் இடத்த விடுவீங்களா?" என்று ஜேசிபிக்காரனுக்கு அவளே போன் போட்டாள்.

ஜேசிபி வந்த அன்று நான் விடிவதற்குள் மண்டிக்கு ஓடிவிட்டேன். பாதிப் புற்று போயிற்று. சுவருக்கு வெளியே பாதி நின்றது. உள்ளேயிருந்து கரையானைத் தவிர ஒன்றும் வரவில்லை என்று தாமரை சிரித்துக்கொண்டே சொன்னாள். தெருப் பெண்கள் மிச்சப் புற்றுக்கு மஞ்சள் துணியைச் சுற்றிவிட்டு வழக்கம்போலப் பால் ஊற்றினார்கள். எனக்குத்தான் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க மனசு வரவில்லை.

எங்கள் மகள் பவதாரிணி, வீட்டில் பவா, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீடு கட்டி மிஞ்சிய மணல் வாசலோரம் குவிந்து கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பை ஒரு பக்கம் உதறிவிட்டு, மணலில் சுருண்டு கிடக்கிற தெருப் பூனைகளை விரட்டிவிட்டு, அதில்தான் அவள் ராஜ்ஜியம். கார்த்திகை மழையில் நனைந்த மணல் வீடு கட்ட நல்ல தோது.

"அப்பா, கால் அரிக்குது" என்று ஒரு நாள் வந்து நின்றாள்.

உள்ளங்கால் ஓரத்தில் சிவப்பு நூலை ஒட்டிவைத்தது மாதிரி ஒரு கோடு. கொசுவாக இருக்கும் என்று தாமரை தேங்காயெண்ணெய் தடவினாள். மறுநாள் கோடு வளைந்து நீண்டிருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு வளைவு. பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதாள். தாமரை பேனாவை எடுத்து, கோடு முடிகிற இடத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைத்தாள்.

"சும்மா நீளுது நீளுதுன்னு சொல்லாதீங்க. காலைல பாப்போம்."

காலையில் பார்த்தோம். புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. கோடு அதைத் தாண்டிப் போயிருந்தது.  ஏதோ ஒன்று என் பிள்ளையின் தோலுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு உயிர் இருக்கிறது. இதைத் தாமரையிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாடிப்பட்டியில் ஒரு இளவட்ட டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மதுரையில் இருக்கிற தோல் டாக்டருக்குப் போன் போட்டார். "மேடம், ஒரு சின்னப் பொண்ணு, பாதத்துல செர்பிஜினஸா இருக்கு" என்றார். அப்புறம் இரண்டு நிமிஷம் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு எங்களிடம், "பயப்பட ஒண்ணுமில்ல. மேடம் வெளியூர்ல இருக்காங்க. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போய்க் காட்டிருங்க" என்று அரிப்புக்கு ஒரு மருந்து எழுதினார். வெளியே அவருக்குக் கூட்டம் நின்றது.

பைக்கில் வருகிற வழியெல்லாம் தாமரை என் முதுகுக்குப் பின்னால் அந்த வார்த்தையை முனகிக்கொண்டே வந்தாள். செர்பிஜினஸ். அவளுக்குத் தெரியாத வார்த்தை. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை இறக்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அகராதியை எடுத்தாள். மடியில் வைத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து நின்றபடியே தேடினாள்.

"ம்… வளைஞ்சு வளைஞ்சு படர்றது. தோல் வியாதிக்குச் சொல்ற வார்த்தை. செர்பீகோங்கிறதுலருந்து வந்திருக்கு. அது பழைய லத்தீன்ல ஒரு தோல்படைக்குப் பேரு. அதுக்கு முந்தி…"

பக்கத்தைத் திருப்பினாள். விரல் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. அப்புறம் அவள் அகராதியை மூடினாள். கடைசி வரி வரைக்கும் போகாமல் அவள் அதை மூடி நான் பார்த்ததே இல்லை.

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு? சொல்லு தாமரை."

"பாம்பு" என்றாள். "செர்பன்ட்டோட ஒட்டுன வார்த்தைங்க. பாம்பு."

நான் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டேன். அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என் ஈரக்குலையை நடுங்கவைத்தது.

"இங்கிலீஷ்காரன் ஏதோ கிறுக்குத்தனமா வச்ச பேரு. அதுக்குப் போய்…" என்று நானே அவளுக்குத் தைரியம் சொல்லவேண்டியதாயிற்று. ஊர் உலகத்தில் நடக்காத கூத்து.

"நம்ம ஊர்ல எவனாவது சொல்லியிருந்தா மூடநம்பிக்கைன்னு வாய அடைச்சிருப்பேன்" என்றாள். அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. "இது லத்தீன்ங்க. நம்ம வீட்டுப் புத்தப் பாக்காதவன், நம்ம பிள்ளையப் பாக்காதவன், எந்தக் காலத்துலயோ இந்த வியாதிக்குப் பாம்புன்னு பேரு வச்சிருக்கான். சும்மாவா வச்சிருப்பான்? புத்த இடிக்கச் சொன்னது நான்தான? நீங்க வேண்டாம்னீங்கள்ல? மலையாண்டி அண்ணன் வேண்டாம்னாருல்ல?"

அவளுக்கு வேதம் அந்த அகராதிதான். கோயில் பூசாரி சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். அகராதியே சொல்லிவிட்டால் அவள் யாரிடம் போய் எதிர்த்துப் பேசுவாள்? நான் சாய்ந்து நின்ற சுவரே ஆடிவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் பயப்படாத ஆள் என்று ஒருவரும் இல்லை.

சாயங்காலமே அவள் ராக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராக்கம்மாள் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். ஐம்பது வயதிருக்கும், தனிக்கட்டை. புற்றுக்குத் துணி மாற்றுவது, சுற்றிலும் கூட்டித் தெளிப்பது எல்லாம் அவர்தான். அவர் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. புற்றை இடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மட்டும் பால் ஊற்றாமல் இருந்தார். ஆனால் பிள்ளைக்கு என்றதும் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வந்தார். தரையில் உட்கார்ந்து பவாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் காலைக் கிட்டத்தில் பார்த்தேன். பாதம் முழுக்க வட்ட வட்டமாகத் தழும்பு. மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிற கால், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"தலை எந்தப் பக்கம்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் இரண்டடி பின்னால் போனேன். "தலையா?"

"இந்தா, இதான் தலை. மேல ஏறப் பாக்குது தம்பி. கணுக்காலத் தாண்ட விட்றக் கூடாது."

"தாண்டுனா?" என்றாள் தாமரை.

"அத எதுக்குத் தாயி வாயால சொல்லணும்?"

புற்று மண்ணைக் குழைத்துக் கோட்டின் மேல் அப்பவேண்டும். பிள்ளை வெறுங்காலோடு புற்றைச் சுற்றி வரவேண்டும். பாலும் முட்டையும் ஊற்றி மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர் சொன்ன அத்தனையும் செய்தோம். வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, அதற்கு முன்னாலும் காலையும் மாலையும். புற்றைச் சுற்றி மண் சொதசொதவென்று கிடந்தது. பால் வாடை, முட்டை வாடை. தெருநாய்கள் இரண்டு தள்ளி நின்று நாங்கள் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளை தனியாகச் சுற்றமாட்டேன் என்று அழுததால் நானும் வெறுங்காலோடு கூடவே நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். புற்றுக் கண் ஒவ்வொன்றும் என்னையே பார்க்கிறது மாதிரி இருந்தது. நாகம்மா, தெரியாமச் செஞ்சுட்டோம், பிள்ளைய விட்ரு என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கோடு நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து கணுக்காலைப் பார்த்தே போயிற்று. தாமரை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மண்டியில் வெங்காயத்தை எடை போட்டுக்கொண்டே நாளைக்கு எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

நாங்கள் மறைத்துப் பேசியும் பிள்ளை காதில் விழுந்துவிட்டது. சனிக்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, பாம்பு எனக்குள்ள இருக்கா?"

"இல்ல தங்கம். யாரு சொன்னா?"

"அது கடிக்குமா? உள்ளருந்தே கடிக்குமா?"

நான் இல்லையென்று தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். ஆம்பளை அழுவதா என்று கேட்கிறவன் என் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கம்மாள் வந்து பார்த்தார். கோட்டுக்கும் கணுக்காலுக்கும் இடையே மிச்சம் கொஞ்சம்தான்.

"மண்ணுக்கு அடங்கல. தலைக்கு முன்னால சூடு வச்சாத்தான் திரும்பும். மஞ்சக் கெழங்கச் சுட்டு ஒரு தடவ வச்சாப் போதும். சாயங்காலம் வாரேன். சூடு வச்சா மூணு நாளைக்கு ஊரெல்லை தாண்டக் கூடாது."

"நாளைக்கு டாக்டர்ட்டப் போகணும்க்கா" என்றேன்.

"டாக்டரு பாக்குற சமாச்சாரமா இது?"

தாமரையைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லுவாள், அகராதியைத் தூக்கி அடிப்பாள் என்று நினைத்தேன். அவள், "நீங்க கையப் பிடிச்சுக்கங்க, நான் காலப் பிடிச்சுக்கிறேன்" என்றாள். உதடு வெளுத்திருந்தது. அவளைத் திட்ட வாய் வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு அது கணுக்காலைத் தாண்டிவிட்டால்? அந்தப் பழியை யார் சுமப்பது? நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் எனக்கு இடது பாதம் அரித்தது. இரண்டு நாளாகவே அரிப்புத்தான்; பயத்தில் கவனிக்கவில்லை. குளியலறையில் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு. என் கால் என்பதையே மறந்துவிட்டேன். அதை உதறினால் விழுந்துவிடும் என்கிற மாதிரி உதறினேன். பக்கெட் உருண்டது. "என்னங்க?" என்று தாமரை கதவைத் தட்டினாள். "வழுக்கிருச்சு" என்றேன்.

சாயங்காலம் ராக்கம்மாள் வந்து விளக்கேற்றி, மஞ்சள் கிழங்கின் நுனியை நல்லெண்ணெயில் தொட்டுத் தீயில் காட்டினார். நுனி கருகிச் சிவந்து புகைந்தது. பவாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அப்பா வேணாம்ப்பா, நான் மணல்ல விளையாட மாட்டேன்ப்பா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தாமரை கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் காலைப் பிடித்தாள். மஞ்சள் கிழங்கு கிட்டே வந்தது.

"எனக்கும் இருக்குக்கா" என்று கத்திவிட்டேன். கைலியைத் தூக்கி என் பாதத்தைக் காட்டினேன். "மொதல்ல எனக்கு வைங்க."

வீரம் ஒன்றும் இல்லை. அதைப் பிள்ளையின் காலில் வைப்பதைப் பார்க்கிற பயம் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிசாக இருந்தது, அம்புட்டுத்தான். தாமரை கண்ணைத் திறந்து என் பாதத்தைப் பார்த்தாள். "ஐயோ, உங்களுக்குமா?" என்றாள்.  ராக்கம்மாள் கோட்டின் முனையைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு நெல்லளவு முன்னால் அமுக்கினார்.

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். தோல் கருகுகிற வாடை என் மூக்குக்கே வந்தது. பவா அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ராக்கம்மாள் மறுபடி கிழங்கைத் தீயில் காட்டப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். காலைல வரைக்கும் பொறுங்க. என் கால்ல நின்னுருச்சுன்னா பிள்ளைக்கு வைங்க. நானே பிடிக்கிறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி. ஆனா விடிஞ்சதும் வச்சுரணும்" என்று கிழங்கைக் கீழே வைத்தார்.

விடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் காலை நீட்டிப் பார்த்தேன். சூடு வைத்த இடம் கொப்புளமாகத் திரண்டிருந்தது. கோடு கொப்புளத்தை ஒட்டி ஒரு வளைவு வளைந்து, அதைக் கடந்து, மேலே போயிருந்தது.

தாமரை பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "சூட்டுக்கும் அடங்கலையே" என்றாள். வாசலில் ராக்கம்மாள் குரல் கேட்டது. கையில் விளக்கும் மஞ்சளும் வைத்திருந்தார். என் காலைப் பார்த்தார். அவர் முகமும் மாறிப்போயிற்று.

"உங்களது பலமா இருக்கு தம்பி. பிள்ளைக்கு ரெண்டு எடத்துல வைக்கணும் போல."

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. ரெண்டு இடம். அப்புறம் மூன்று இடம். என் பிள்ளையின் கால் என்ன, கரி மூட்டமா?

"ஒண்ணும் வைக்க வேணாம். தள்ளுங்க" என்று பவாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பைக் சாவியை எடுத்தேன்.

"ஊரெல்லை தாண்டக் கூடாதுங்க" என்று தாமரை குறுக்கே நின்றாள்.

"தாண்டுனா என்னடி? எனக்குச் சூடு வச்சாச்சு, எல்லையத் தாண்டி நான் சாகுறேன். பிள்ளைக்கு வைக்கலைல? அவளுக்கு எல்ல கிடையாது. ஏறு வண்டியில. ஏறலைன்னா நில்லு."

ஏறினாள். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் பேச்சுத்தான் அப்படி. வண்டி ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பரவை வரைக்கும் நெஞ்சு வலிக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பவா என் முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து, "அப்பா, பாம்பும் நம்ம கூட வருதா?" என்று கேட்டாள்.

தோல் டாக்டர் ஷைமா மதுரை டவுனுக்குள் ஒரு மாடியில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பிள்ளையின் காலைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் எங்க செருப்பு இல்லாம நடந்தீங்க?"

நாங்கள் முழித்தோம். மணல் குவியலைப் பற்றிப் பவாதான் சொன்னாள். புற்றைப் பற்றி நான் சொன்னேன். முட்டைக்கு வருகிற நாயைப் பற்றி அவரே கேட்டார்.

"நாய், பூனை வயித்துல இருக்கிற கொக்கிப்புழு. அதோட குஞ்சு ஈர மண்ணுல கிடக்கும். வெறுங்கால் பட்டா தோலுக்குள்ள நுழைஞ்சுரும். மனுசத் தோலத் தாண்டி உள்ள போக அதுக்கு வழி தெரியாது, தோல்லயே சுத்திச் சுத்தி வரும். மாத்திரை தரேன், செத்துரும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது." அப்புறம் என் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன?"

சொன்னேன். அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"கோடு முடியற எடத்துல புழு இருக்காதுங்க. அது முன்னாடியே தள்ளிப் போயிருக்கும். எத்தன சூடு வச்சாலும் வெறும் தோலத்தான் சுடுவீங்க. குழந்தைக்கு வச்சிருந்தீங்கன்னா இந்நேரம் நான் உங்க கூட இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

தாமரை மட்டும் மெல்லக் கேட்டாள். "அப்ப ஏன் மேடம் செர்பிஜினஸ்னு சொல்றீங்க?"

"வளைஞ்சு வளைஞ்சு போனா அப்படிச் சொல்லுவோம். அவ்வளவுதான். ஏன்?"

 பவா டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றாள். "அப்ப எனக்குள்ள பாம்பு இல்லையா?"

"பாம்பா? இத்துனூண்டு புழு. கண்ணுக்கே தெரியாது" என்றார் டாக்டர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 

மாத்திரை கொடுத்த அன்று சாயங்காலம் தாமரை பிள்ளையின் காலில் கோடு முடிகிற இடத்தில் மறுபடி நீலப் புள்ளி வைத்தாள். மறுநாள் கோடு புள்ளியைத் தாண்டவில்லை. அதற்கு மறுநாளும் தாண்டவில்லை. அன்றைக்கு அவள் அகராதியை எடுத்து, பழைய மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து படித்தாள்.

"செர்பன்ட்டுக்கும் முந்தி ஒரு வார்த்தை இருக்குங்க. செர்பெரே. ஊர்றதுன்னு அர்த்தம். ஊர்றதாலதான் பாம்புக்கே அந்தப் பேரு. இந்தத் தோல்படைக்கும் அதேதான், ஊர்றதால. நம்ம சர்ப்பமும் இந்த வீட்டுப் பிள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அடுத்த வரிலயே இருந்துச்சுங்க. அடுத்த வரி. பயத்துல நான் மூடிட்டேன். அதுக்குள்ள பிள்ள காலப் பிடிச்சுக் குடுத்துட்டேன்."

திட்டலாம் என்று இருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் ஒருத்திதான் அரளாமல் இருந்தாள். அவளும் அரண்ட பிறகு யாரைச் சொல்ல? என் கால் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அவள் அழுதுகொண்டே அதற்கு மருந்து வைத்தாள். அந்தப் புண்ணின் வட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது.

"தாமரை, ராக்கம்மாக்கா காலப் பாத்திருக்கியா?"

அவள் மருந்தை மூடிவைத்தாள்.

இரண்டு பேரும் எழுந்து போனோம். ராக்கம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றதும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தாமரை குனிந்து அவர் காலைப் பார்த்தாள். வட்டத் தழும்புகளுக்கு நடுவே, குதிகாலுக்கு மேலே, புதிதாக ஒரு சிவப்புக் கோடு.

"இது எத்தன நாளாக்கா?"

அவர் சேலையை இழுத்துக் காலை மறைத்தார். "அது வரும் தாயி. ஒவ்வொரு மழைக்கும் வரும். நானே சூடு வச்சுக்குவேன். கொஞ்ச நாள்ல அடங்கிரும். கல்யாணமாகி வந்த புதுசுல அந்த வேப்பமரத்துக்கிட்ட ஒரு பாம்ப அடிச்சுட்டேன். சினைப் பாம்பு. அது விடல என்னைய. எனக்குப் பிள்ளையும் தங்கல. அதுலருந்துதான் புத்துக்குப் பால் ஊத்துறேன். மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கேன். அது மன்னிக்க மாட்டேங்குது."

தாமரை எல்லாவற்றையும் சொன்னாள். நாயைப் பற்றி, முட்டையைப் பற்றி, ஈர மண்ணைப் பற்றி. அந்த வார்த்தைக்கு ஊர்வது என்றுதான் அர்த்தம், வேறு ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். நாளைக்கு நாங்களே டாக்டரிடம் கூட்டிப் போகிறோம் என்று நான் சொன்னேன்.  மாடு குடித்து முடித்துவிட்டு ராக்கம்மாள் கையை முட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"அப்ப அது என்னையத் தொரத்தலையா?" என்றார். "நான்தான் அதுக்கிட்டப் போயிப் போயி, போயிப் போயி, கால்ல வாங்கிட்டு வந்தேனா?"

 தாமரை தன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள். ராக்கம்மாள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் பாதத்தில் இருந்த தழும்புகளை, முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.